டி.வி.யில் சேலை பார்த்தவன்

கண்ணனை வெட்டியவர்கள், அவன் செத்தானா பிழைத்தானா என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கரிவலம்வந்தநல்லூரைத் தாண்டியதும் ராஜபாளையம் சாலையில் ஒரு ஜீப் குறுக்கே வந்து நின்றது. சேலைப் பொதி ஏற்றிய வேனை ஓட்டிவந்த கண்ணன், என்னவென்று கேட்பதற்காக ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினான். முதல் வெட்டு கழுத்தில் விழுந்தது. இரண்டாவது வெட்டைத் தடுக்கப் போன கை மணிக்கட்டில் அறுந்து தோலில் தொங்கியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி காளிராஜின் தலையில் சாக்கைக் கவிழ்த்து, இழுத்து ஜீப்புக்குள் எறிந்துகொண்டு போனார்கள். பின்னால் வந்த பஸ்ஸிலிருந்து ஆட்கள் இறங்கி ஓடி வந்தபோது கண்ணன் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்து கிடந்தான். அவன் நெஞ்சின் பாரத்தில் ஹாரன் விடாமல் அலறிக்கொண்டிருந்தது.

அது திங்கட்கிழமை. செவ்வாய்க்கிழமை காலையில் காளிராஜின் வீட்டு வாசலில் ஒரு மிட்டாய்க்கடை அட்டைப்பெட்டி இருந்தது. அவன் மனைவி முத்துமாரி திறந்து பார்த்தாள். உள்ளே வாழையிலைத் துண்டில் அவனுடைய இடது கைச் சுண்டுவிரல். அவள் அலறி முடிக்கும் முன்பே போன் வந்தது. வியாழக்கிழமை கோர்ட்டில் உன் புருசன் நாங்கள் சொல்வதைச் சொல்லுவான், அதுவரை நீ வாயைத் திறக்காதே என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

புதன்கிழமை காலையில் முத்துமாரி, தன் அண்ணன் கோமதிநாயகத்தோடு தேவமணியின் அலுவலகப் படியேறினாள்.

சங்கரன்கோவில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் அலுவலகம். போலீசில் ஏட்டாக இருந்து வேலையை விட்ட தேவமணியை ஊரில் பாதிப் பேர் இன்னும் ஏட்டம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிற வழக்குகளில் முக்கால்வாசி, மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிப்பது. அவளுக்கு உதவியாள் சுலைமான். கடைகளுக்கு வெப்சைட் போட்டுக் கொடுப்பது அவனுடைய இன்னொரு தொழில். மூன்றாவது தொழில் வாய். அது சம்பளமில்லாமல் நாள் முழுக்க ஓடும்.

முத்துமாரி விஷயத்தைச் சொல்லச் சொல்லத் தேவமணி குறுக்கே பேசாமல் கேட்டாள். மூன்று மாதத்துக்கு முன்னால், கல் குவாரியை எதிர்த்துத் தடை வாங்கிய செல்லப்பா என்ற விவசாயியை ஒரு டிப்பர் லாரி ஏற்றிக் கொன்றது. விபத்து என்றுதான் முதலில் எழுதினார்கள். ஆனால் அந்த வழியாக வந்த காளிராஜ், குவாரி முதலாளி ஆறுமுகச்சாமி ஓரமாக நின்று கையைக் காட்டியதையும், லாரி பின்னால் வந்து இரண்டாவது தடவை ஏறியதையும் பார்த்துவிட்டான். லாரியை ஓட்டியவன் முகத்தில் துண்டு கட்டியிருந்ததால் அவன் யாரென்று தெரியவில்லை. வழக்கில் காளிராஜ் ஒருவன்தான் சாட்சி. அவனைக் கொன்றால் பழி நேராக ஆறுமுகச்சாமி மேல் விழும். அவனே கோர்ட்டில் ஏறி நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டால் வழக்கு அங்கேயே படுத்துவிடும். அதற்காகத்தான் உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்று கோமதிநாயகம் சொன்னான். தனிப்படை குவாரிப் பக்கமே தேடிக்கொண்டிருக்கிறது, தங்கை ஏட்டம்மாவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அழுதபடியே இருக்கிறாள், அதனால்தான் கூட்டி வந்தேன் என்றான்.

மூலையில் உட்கார்ந்திருந்த சுலைமான் அதுவரை வாயைத் திறக்கவேயில்லை. காளிராஜின் சேலைக் கடைக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவனே அவன்தான். வருகிற ஆர்டருக்குச் சேலை அனுப்ப ஆளில்லை, விளம்பரத்தையாவது நிறுத்தி வைப்போம் என்று லேப்டாப்பைத் திறந்தான். கடைக்கு யார் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்று காட்டும் ரிப்போர்ட் திரையில் விரிந்தது. அதைப் பார்த்ததும் அவனுடைய மூன்றாவது தொழில் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது.

“அக்கா, யாரோ டி.வி. பொட்டியில சேலை பாக்குதாவ,” என்றான். “எங்க வாப்பா டி.வி. முன்னாடிதான் குடியிருக்காரு. அவருக்கே இந்த யோசனை வரல.”

தேவமணி எழுந்து அவன் பின்னால் போய் நின்றாள். வழக்கமாக வருகிறவர்கள் எல்லாரும் மொபைலில் வருவார்கள், சிலர் கம்ப்யூட்டரில் வருவார்கள் என்று சுலைமான் விளக்கினான். இது இன்டர்நெட் இணைத்த டி.வி. நேற்றிலிருந்து மூன்று தடவை வந்திருக்கிறது. வந்து ஒரு சேலையைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. உடனே போய்விட்டது.

எங்கிருந்து வந்ததாகக் காட்டுகிறது என்று தேவமணி கேட்டாள். சுலைமான் அந்த வரிசையில் விரலை ஓட்டினான். மற்றவர்களுக்கு நேரே கூகுள் என்றும் பேஸ்புக் என்றும் வாட்ஸப் என்றும் இருந்தது. டி.வி.க்கு நேரே மூன்று விதமாக இருந்தது. ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழ். சிரித்துக்கொண்டே வாசிக்க ஆரம்பித்தவனின் குரல் பாதியில் தேய்ந்தது.

கண்ணன் செத்தாச்சு.

கண்ணு கட்டி.

காத்தாடி 318.

கீழே கடையில் யாரோ ரிங்டோன்களை ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் சுதாரித்தவள் தேவமணி. கதவைச் சாத்தச் சொன்னாள். அந்த இடத்தில் கண்ட வார்த்தை எப்படி வரும் என்று கேட்டாள். சுலைமான் விளக்கினான். விளம்பரம் போடும்போது கடையின் வெப்சைட் விலாசத்துக்கு வால் மாதிரி ஒரு பெயரை ஒட்டிவிடலாம். வாட்ஸப்பில் போடுவதற்கு ஒரு பெயர், பேஸ்புக்கில் போடுவதற்கு ஒரு பெயர். அந்த விலாசத்தில் யார் வந்தாலும், எங்கிருந்து வந்தார்கள் என்ற இடத்தில் அந்தப் பெயர் விழும். எந்த விளம்பரம் ஆளைக் கொண்டுவருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. காளிராஜுக்கு அது அத்துபடி. சொன்னதோடு விடாமல் சுலைமான் தன் மொபைலில் கடை விலாசத்தைத் தட்டி, வாலில் தன் பெயரை ஒட்டித் திறந்தான். கொஞ்ச நேரத்தில் ரிப்போர்ட்டில் புதிதாக ஒரு வரி வந்தது. எங்கிருந்து: சுலைமான். எதில்: மொபைல்.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் என்ன பெயர் வேண்டுமானாலும் போடலாமா என்று கோமதிநாயகம் கேட்டான்.

“கலெக்டர் பேரக்கூடப் போடலாம்ணே,” என்றான் சுலைமான். “டெபாசிட்டு கட்ட வேண்டாம்.”

முத்துமாரிக்கு அழுகையும் நம்பிக்கையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. இத்தனை வழி தெரிந்த மனுசன் எனக்கு ஒரு மெசேஜ் போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டாள். தேவமணி அவள் தோளில் கை வைத்து உட்காரவைத்தாள். அவன் போன் அவர்கள் கையில் இருக்கிறது, டி.வி.யில் மெயிலைத் திறந்தால் ரகசிய எண் அந்த போனுக்குத்தான் போகும். கடையின் வெப்சைட்டில் புகார் எழுதினாலும் மணி அந்த போனில்தான் அடிக்கும். அவர்கள் கண்ணில் படாமல் வெளியே வருகிற ஒரே பொந்து இந்த ரிப்போர்ட். இதைப் பார்க்கிற ஒரே ஆள் சுலைமான். பாட்டுச் சத்தத்துக்காக அங்கே டி.வி.யை அலறவிட்டிருப்பார்கள், ஆள் நகர்ந்த நேரம் பார்த்து ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருக்கிறான் என்றாள். பாட்டு எதற்கு என்று அவள் சொல்லவில்லை. முத்துமாரிக்கும் கேட்கத் தேவைப்படவில்லை.

காத்தாடி என்றால் பட்டமா, கரண்ட் ஃபேனா என்று சுலைமான் குழம்பினான். தேவமணிக்கு அந்தக் குழப்பம் இல்லை. குருவிகுளம் ஸ்டேஷனில் அவள் நாலு வருசம் இருந்திருக்கிறாள். கரிசல் காட்டில் காற்றாலையை யாரும் காற்றாலை என்று சொல்ல மாட்டார்கள், காத்தாடிதான். ஒவ்வொரு தூணிலும் ஆளுயரத்துக்கு நம்பர் எழுதியிருக்கும். ஆடு காணாமல் போனால்கூட எந்த நம்பர் காத்தாடிக்குப் பக்கத்தில் என்றுதான் புகார் வரும்.

“கண்ணக் கட்டிக் கொண்டு போயிருக்கான்,” என்றாள். “எந்த ஊருன்னு அவனுக்கே தெரியாது. ஜன்னல் வழியா தெரியுதத எழுதுதான்.”

காற்றாலைகளில் பழுது பார்க்கும் ஜோன்ஸ், சுலைமானுடன் படித்தவன். போனில் நம்பரைச் சொன்னதும் அது இளையரசனேந்தலுக்கு அந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டான். சுற்றிலும் மானாவாரிக் காடு. பக்கத்தில் ஒரே ஒரு பங்களா. போன வருசம் குவாரி ஆறுமுகச்சாமி வாங்கியது.

தேவமணி இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டாள். எப்படித் தெரிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன், இளையரசனேந்தல் பங்களாவுக்கு ஆளை அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னாள். தனிப்படை மேற்கே இருந்தது. கிளம்பி வருகிறோம் என்றார் அவர். அதற்குள் நாம் போய்த் தூரத்திலிருந்து காவல் இருப்போம், என் கார் கீழே நிற்கிறது என்று கோமதிநாயகம் சாவியை எடுத்தான். முத்துமாரி வீட்டில் இருக்கச் சம்மதிக்கவில்லை.

கோமதிநாயகம் ஓட்டினான். அவனுக்குப் பக்கத்தில் தேவமணி. பின்னால் அண்ணனின் முதுகுக்கு நேரே முத்துமாரியும், அவளுக்குப் பக்கத்தில் மடியில் லேப்டாப்போடு சுலைமானும் இருந்தார்கள். ஊரைத் தாண்டியதும் டீசல் போட வேண்டும் என்று பங்க்கில் நிறுத்தினான். டீசல் ஏறுகிற நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு கழிவறைப் பக்கம் போய் வந்தான். மறுபடியும் குருவிகுளம் சாலையில் கொஞ்ச தூரம் போயிருப்பார்கள். சுலைமான் பின்னாலிருந்து, அடுத்த வரி வந்துவிட்டது என்றான்.

வாசுதேவநல்லூர் எலுமிச்சைத் தோட்டம்.

கோமதிநாயகம் அந்த இடத்திலேயே பிரேக் போட்டுக் காரைத் திருப்பினான். வாசுதேவநல்லூர் மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. இவர்கள் போய்க்கொண்டிருந்தது கிழக்கே. ஆளை இடம் மாற்றிவிட்டார்கள் என்றான். ஓட்டிக்கொண்டே ஒரு கையால் இன்ஸ்பெக்டருக்கு போன் போட்டு, ஏட்டம்மாவுக்குப் புதுத் தகவல் வந்திருக்கிறது, எல்லாரையும் வாசுதேவநல்லூருக்குத் திருப்புங்கள் என்று அவனே சொல்லிவிட்டான். முத்துமாரி சாமி பெயர்களை முணுமுணுக்க ஆரம்பித்தாள்.

“காளிராஜ் அண்ணாச்சிக்கு அதுக்குள்ள யாரோ புது போன் வாங்கிக் குடுத்துட்டாவ போலக்கா,” என்றான் சுலைமான். “இந்தத் தடவை மொபைல்ல வந்திருக்காரு.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. அதோடு அவன் வாய் மூடிக்கொண்டது. சுலைமான் வாயை மூடினால் தேவமணி காதைத் திறந்துகொள்வாள்.

அவள் சாலையைப் பார்த்தபடியே யோசித்தாள். கண்ணைக் கட்டிக் கொண்டு போனவனுக்கு ஊர் பெயர் எப்படித் தெரியும். மூன்று தடவையும் டி.வி.யில் தட்டியவன் கையில் மொபைல் ஏது. இருந்தால் நேராகப் பெண்டாட்டிக்குப் பேசியிருக்க மாட்டானா. பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறவன் பங்க்கில் இந்த வரியைத் தட்டியதோடு நின்றிருக்க மாட்டான். பங்களாவுக்கும் பேசியிருப்பான். இனி ஒவ்வொரு நிமிசமும் காளிராஜின் உயிரிலிருந்து போகிறது. நைசாகப் பேசி நிறுத்த நேரமில்லை.

“முத்துமாரி,” என்று முன்னால் பார்த்தபடியே கூப்பிட்டாள். “இந்த ரிப்போர்ட்டப் பத்தித் தெரிஞ்சது நாலே பேருக்குத்தான். நாலு பேரும் இந்த வண்டியிலதான் இருக்கோம்.”

சுலைமான் லேப்டாப்பை மூடினான்.

“அதுல மூணு பேரு பங்க்குல கீழ எறங்கல.”

கார் வேகமெடுத்தது. அண்ணே, இந்த ஏட்டம்மா என்ன சொல்கிறார்கள் என்று முத்துமாரி கேட்டாள். அண்ணன் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். பார்த்துவிட்டுப் பார்வையை மாற்றிக்கொண்டான். அது போதுமாக இருந்தது.

“ஒம் புருசன ஒண்ணும் செய்ய மாட்டாவ புள்ள,” என்றான். குரல் கெஞ்சியது. “நாளைக்கு ஒரே ஒரு பொய் சொன்னா போதும். அந்த டிப்பர ஓட்டுனது நாந்தான்.”

கண்ணன் என்ன பாவம் செய்தான் என்று அவள் கேட்டாள். விரலை வெட்டும்போது நீ அங்கே இருந்தாயா என்று கேட்டாள். அவன் கியரை மாற்றினான்.

முத்துமாரி தன் முந்தானையை உருவி இரண்டு கையிலும் சுற்றினாள். முன்சீட்டின் தலைக்கு மேலாக அதை அண்ணனின் கழுத்தில் மாட்டி, சீட்டின் முதுகில் ஒரு காலை ஊன்றி, உடம்பு முழுவதும் பின்னால் சாய இழுத்தாள். அவன் தொண்டையிலிருந்து உடைந்த விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. கைகள் ஸ்டியரிங்கை விட்டுச் சேலைக்குப் போயின. கார் சாலையை விட்டு இறங்கி, முள்ளை முறித்து, ஒரு பனையில் பக்கவாட்டாக மோதி நின்றது. தேவமணியின் நெற்றி கண்ணாடியில் இடித்து, கண்ணில் ரத்தம் வழிந்தது.

அந்த ரத்தத்தைத் துடைக்கும் முன்பு அவன் சீட்டுக்கு அடியிலிருந்து அரிவாளை எடுத்துவிட்டான். முதல் வீச்சில் சேலை அறுந்தது. இரண்டாவது வீச்சு தேவமணியின் தலைக்கு வந்தது. அவள் இடது கையைத் தூக்கினாள். முழங்கைக்குக் கீழே சதை பிளந்து, வெள்ளையாக எலும்பு தெரிந்து, உடனே சிவப்பாக மூடியது. அவள் கத்தவில்லை. பிளந்த கையாலேயே அவன் மணிக்கட்டை டேஷ்போர்டோடு அழுத்தி, வலது கையால் அவன் கட்டை விரலைப் பிடித்துப் பின்னால் மடக்கினாள். விரல் முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. அதே நேரம் சுலைமான் லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கி, அதன் விளிம்பால் கோமதிநாயகத்தின் மூக்கில் இறக்கினான். மறுபடியும் இறக்கினான். மூன்றாவது தடவை லேப்டாப்பே இரண்டாகப் போய்விட்டது.

“ரிப்போர்ட்டப் பத்திக் கேட்டேருல்லாவே,” என்றான். மூச்சு வாங்கியது. “நல்லாப் பாரும்.”

அறுந்த சேலைத் துண்டால் கோமதிநாயகத்தின் கைகளைப் பின்னால் கட்டிப் பின்சீட்டில் தள்ளினார்கள். தேவமணி இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டு, வாசுதேவநல்லூர் பொய், திரும்பி வாருங்கள் என்றாள். அவர்கள் ஏற்கெனவே வெகுதூரம் போயிருந்தார்கள். நாங்கள் வரும்வரை உள்ளே நுழையாதீர்கள் என்று அவர் எச்சரித்தார். சரி என்று சொல்லி வைத்தாள். சுலைமான் தன் சட்டையைக் கழற்றி அவள் கையைச் சுற்றி இறுக்கிக் கட்டிவிட்டு, பனியனோடு டிரைவர் சீட்டில் ஏறினான். கார் இரண்டு தடவை இருமிவிட்டுக் கிளம்பியது.

இளையரசனேந்தலை நெருங்கும்போது கோமதிநாயகத்தின் போன் அடித்தது. தேவமணி அதை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். அவள் ஒன்றும் சொல்லாமலே முத்துமாரி அரிவாளை எடுத்து அண்ணனின் தொண்டையில் வைத்தாள். கொஞ்சம் அழுத்தி வைத்ததில் ஒரு கோடு சிவந்து கீழே வழிந்தது.

போனில் ஒரு ஆண் குரல், இவன் டி.வி.யில் தட்டியதற்கு வேண்டியது கொடுத்தாகிவிட்டது, ஆளை வேறு இடத்துக்கு மாற்றவா, இங்கேயே முடித்துவிடவா என்று கேட்டது.

கோமதிநாயகம் தங்கையின் முகத்தைப் பார்த்தான். அங்கே அவனுக்கு என்ன தெரிந்ததோ, ஒழுங்காகப் பேசினான்.

“நான் வாரேன். கேட்டத் தொறந்து வைங்க. அதுவரைக்கும் ஆளத் தொடாதிய.”

காற்றாலைகள் வானத்தை மெல்ல அறுத்துக்கொண்டிருந்தன. 318 என்று எழுதிய தூணுக்குக் கீழே வெள்ளைப் பங்களா தெரிந்தது. கேட் திறந்திருந்தது. வாசலில் ஒருவன், கையில் அரிவாளோடு, தெரிந்த கார்தான் என்று சாவகாசமாக நின்றான். சுலைமான் பிரேக்கை மிதிக்கவில்லை. முட்டிக்கு மேலே இடித்த இடியில் அவன் பானட்டில் ஏறி, கண்ணாடியில் முகத்தைப் பதித்து, அந்தப் பக்கமாக உருண்டான். எழுந்திருக்கவில்லை.

சத்தம் கேட்டு உள்ளே இருந்தவன் வெளியே எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டு உள்ளேதான் ஓடினான். ஏன் ஓடுகிறான் என்று தேவமணிக்குத் தெரிந்தது. கேட்டில் செருகியிருந்த இரும்புக் கம்பியை உருவிக்கொண்டு அவன் பின்னால் பாய்ந்தாள். இடது கை மரத்துத் தொங்கியது. முன்னறையைத் தாண்டி உள்ளறைக்குள் அவள் நுழைந்தபோது, அவன் கட்டிலுக்கு மேலே அரிவாளை ஓங்கி நின்றான். கட்டிலோடு காலில் சங்கிலி போட்டுப் பிணைத்திருந்த காளிராஜ், இன்னொரு காலால் அவன் வயிற்றில் உதைத்தான். வெட்டு தலைக்குத் தப்பித் தோளில் விழுந்தது. அடுத்த வெட்டுக்கு அரிவாள் மேலே போனது. தேவமணி கம்பியை அவன் முழங்காலின் பின்பக்கம் வீசினாள். மடங்கி விழுந்தவனின் கையில் ஒன்று போட்டாள். அரிவாள் தெறித்துச் சுவரில் மோதியது. அவன் இன்னொரு கையால் அதைத் துழாவினான். அந்தக் கையிலும் போட்டாள். அதற்குப் பிறகும் இரண்டு போட்டாள். அவை தேவையில்லாதவை. அவளுக்கே அது தெரியும்.

பிறகுதான் அந்த அறையின் அமைதி அவளுக்கு உறைத்தது. பாட்டு இல்லை. சுவரில் பெரிய டி.வி. ஓசையில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. திரையில் காளிராஜின் கடை விலாசம். அதன் வாலில் நாலைந்து எழுத்து. ‘மச்சா’ என்பதோடு நின்றுபோயிருந்தது.

நேற்று ராத்திரி ஜன்னலுக்கு வெளியே மச்சானின் குரல் கேட்டது, அதைச் சொல்லத்தான் தட்டினேன் என்று காளிராஜ் முனகினான். அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ரிமோட் நாலு துண்டாகத் தரையில் கிடந்தது. அவனுடைய வலது கை விரல்களும் ஏறக்குறைய அந்த நிலையில்தான் இருந்தன.

முத்துமாரி உள்ளே வந்தாள். மேலே அரைச் சேலைதான் இருந்தது. பிடிக்க ஒரு நல்ல கை அவனிடம் இல்லாததால் அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டாள். வாசலில் சுலைமான் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். கேட்டால் தூசி என்று சொல்லத் தயாராக இருந்தான். யாரும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் டாக்டர், நாளைக்கு நகரவே கூடாது, கையில் ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்கும் என்று சொன்னார். காளிராஜ் கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் பார்த்தான்.

“பேசுததுக்குக் கை எதுக்கு டாக்டர்,” என்றான்.

ஆறுமுகச்சாமியைத் தூக்கி வர ஆள் போயிருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் தேவமணியிடம் சொன்னார். உள்ளே நுழையாதே என்று சொன்னேனே என்று கேட்கவும் செய்தார். தையல் போட்ட கையை அவள் காட்டியதும் அந்தப் பேச்சை விட்டுவிட்டார். வராந்தா பெஞ்சில் ஸ்டேஷன் ரைட்டர் முத்துமாரியின் வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்தார். அப்போது அவள் போன் அடித்தது. அம்மா. தேவமணிக்குப் பக்கத்திலிருந்தே கேட்டது. அவன் உன்னைத் தூக்கி வளர்த்தவன், டிப்பரை ஓட்டியது அவன் என்று மற்ற இருவர் சொல்வதைவிடக் கூடப் பிறந்த நீ சொன்னால்தானே கோர்ட்டில் நிற்கும், காரில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லிவிடு என அந்தக் கிழவி அழுதாள். முத்துமாரி முழுவதையும் கேட்டாள். போனைப் பெஞ்சில் கவிழ்த்து வைத்தாள். தேவமணி அவளுக்கு யோசனை எதுவும் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் கொஞ்சம் தயங்கினார். கூடப் பிறந்தவனுக்கு எதிராகக் கோர்ட்டில் ஏற வேண்டிவரும், நாளைக்கு யோசித்துச் சொன்னாலும் சரிதான் என்றார். எழுதுங்கள் என்று அவள் சொன்னாள். ரைட்டர் பேனாவைத் திறந்து, டிப்பரை ஓட்டியவன் பெயரைக் கேட்டார்.

“கோமதிநாயகம்.”

“அவன் அப்பா பேரு?”

முத்துமாரி தலையைக் குனியவில்லை.

“எங்க அப்பா பேருதான்,” என்றாள். “பரமசிவன்னு எழுதுங்க.”